எஸ்தர் திருத்திய பதினோரு கார்டுகள்

ஆவணி மாதத்து முதல் முகூர்த்தத்தன்று மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு விடுதியின் புல்வெளியில் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாலை மாற்றும் நேரத்தில் சட்டைப்பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. அந்த நேரத்தில் கேமராவை விட்டுக் கையை எடுக்க முடியாது என்பது நம் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தாலி கட்டி முடிந்து, கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். எஸ்தரின் தங்கை ரூத். திருப்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா காலைல போயிட்டாங்கண்ணா. தூக்கத்துலயே. நான் காபி எடுத்துக்கினு போய் எழுப்பறேன், எழுந்திருக்கல" என்றார் ரூத். அழுகை அடங்கிய குரல்.

விடுதியின் மதிலைத் தாண்டிச் சவுக்குத் தோப்போரம் போய் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது நிம்மதி. மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் ஊசி, அளந்து குடித்த தண்ணீர், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்த நாட்கள், எல்லாம் முடிந்தது என்ற நிம்மதி. இன்னொரு நிம்மதியும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் போடலாமா என்று என் மனைவி வசந்தாவிடம் கேட்டேன். "எஸ்தர் படிச்சிருந்தா அதைத்தான் முதல்ல போடச் சொல்லியிருப்பா" என்றாள்.

நம் சங்கத்து இதழைப் படிக்கும் பலருக்கு எஸ்தரைத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர்கள். எஸ்தர் பாலிடெக்னிக் படித்து மறைமலைநகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பத்து வருடம் வேலை பார்த்தார். அந்தப் பிரிவை மூடியபோது வேறு வேலை தேடவில்லை. கம்பெனிகள் கழித்துப் போடும் பழைய சர்வர் கணினிகளை வாங்கிச் சரிசெய்து, செங்கல்பட்டு முதல் கடற்கரை வரை உள்ள ஸ்டூடியோக்களுக்கு அமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். நம்மில் பலருடைய கல்யாண வீடியோக்கள் இன்றைக்கும் அவர் திருகாணி முடுக்கிய பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன.

எங்கள் ஸ்டூடியோவுக்கு அவர் வருவதற்கு முன்பு, எடுத்த கல்யாணங்களையெல்லாம் தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு, மேலே பெயர் எழுதி, இரும்பு பீரோவில் அடுக்கியிருந்தோம். எடிட்டிங் முழுக்க வசந்தாதான். எந்த மாப்பிள்ளை எந்த டிஸ்க்கில் இருக்கிறார் என்று தேடியே அவளுக்குப் பாதி நாள் போய்விடும். எஸ்தர் வந்து பீரோவைத் திறந்து பார்த்தார். அடுத்த வாரம் ஒரு ஷேர் ஆட்டோவில் சர்வரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எட்டு டிஸ்க் போடும் பெட்டி. வேலை முடிந்ததும் ஒரு வரவேற்பு வீடியோவை ஓடவிட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் சட்டென்று உருவிக் கையில் வைத்துக்கொண்டார். வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்தியது. வீடியோவில் மணப்பெண் மட்டும் எதுவும் நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"பாத்தீங்களா. ஒரு டிஸ்க் செத்தாலும் கல்யாணம் நிக்காது" என்றார் எஸ்தர். அன்றைக்கு எங்களுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு சித்திரை மாதம், வெயில் கொளுத்தும் மதியத்தில், சொல்லாமல் கொள்ளாமல் எஸ்தர் வந்து நின்றார். பேருந்தில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். முகம் கறுத்திருந்தது. கால் வீங்கியிருந்ததை வசந்தா கவனித்தாள். நான் கவனிக்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, உங்களுக்கு நான் தப்பா போட்டுக் கொடுத்துட்டேன். தப்பு என்னுது. அத்த மாத்தணும்."

நன்றாக ஓடும் ஒன்றில் என்ன தப்பு என்று கேட்டேன். மதுராந்தகம் பக்கம் இதேபோல அவர் அமைத்துக் கொடுத்த ஒரு ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னார். அங்கே எட்டு டிஸ்க்கும் நல்லபடியாக இருந்தன. டிஸ்க்குகளையெல்லாம் சர்வரோடு இணைக்கும் கார்டு மட்டும் சூட்டில் எரிந்துபோனது. அதே வகைக் கார்டு எங்கே தேடியும் உடனே கிடைக்கவில்லை. கடைசியில் அதைப்போல ஒன்றை யாரோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். இந்த டிஸ்க்குகளில் வேறொரு கார்டின் அமைப்பு இருக்கிறது, ஏற்கவா அழிக்கவா என்று அது திரையில் கேட்டிருக்கிறது. எஸ்தர் போய்ச் சேர்வதற்குள் அவசரத்தில் ஒருவர் அழி என்பதை அழுத்திவிட்டார். அதோடு விடாமல் அதே டிஸ்க்குகளைப் புதிதாக வேறு அமைத்துவிட்டார்கள். ஐந்து வருடக் கல்யாணங்கள் போயின.

அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அழுத்தியது அவர்கள்தானே என்றேன். எஸ்தர் தலையை ஆட்டினார். வசந்தாவின் மேசையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தக் கார்டுக்குள் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். ஒரே கார்டில் அதை இரண்டு விதமாக எழுதலாம். எங்களுக்கு அவர் போட்டிருந்தது ஐ.ஆர். என்ற முறை. அதில் கார்டு எட்டு டிஸ்க்கையும் தானே சேர்த்து, தனக்குப் புரிகிற விதத்தில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். சர்வருக்கு ஒரே ஒரு பெரிய டிஸ்க் மட்டும்தான் தெரியும். இன்னொன்று ஐ.டி. முறை. அதில் கார்டு எதையும் சேர்க்காது, எதையும் மறைக்காது. எட்டு டிஸ்க்கையும் எட்டாகவே சர்வரிடம் விட்டுவிடும். சேர்த்து வைக்கும் வேலையைச் சர்வரில் உள்ள மென்பொருளே செய்துகொள்ளும்.

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "கல்யாண மண்டபம் எடுத்துக்கோங்கண்ணா. ஒரு மண்டபத்துல மேனேஜர் கீறாரு. எந்த ரூமுக்கு எந்த சாவின்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரு போயிட்டா பூட்டை உடைக்கணும். இன்னொரு மண்டபத்துல வாட்ச்மேன். கேட்டைத் திறந்து வுடுவாரு, அவ்ளோதான். அவரு இல்லாட்டி வேற ஒருத்தர் வந்து திறப்பாரு. நான் உங்களுக்கு மேனேஜரைப் போட்டுட்டேன்."

நான் கோபப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. சித்திரையும் வைகாசியும் நமக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள். ஏழு கல்யாணங்கள் எடிட்டிங்கில் கிடக்கின்றன, இப்போது வந்து பெட்டியைப் பிரிக்கணும் என்கிறீர்களே, முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்கணும். தெரியல" என்றார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. ஆடியில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு வசந்தா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அந்த இரண்டு மாதத்துக்குள் எஸ்தருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டது தெரியவந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். செய்தி கேட்டுப் போய்ப் பார்த்தோம். படுக்கையில் கிடந்தபடியே ஆடி முதல் வாரம் வருகிறேன் என்றார். அதெல்லாம் இப்போது வேண்டாம், உடம்பைப் பாருங்கள் என்றேன். அப்போதுதான் ஒரு நோட்டைக் காட்டினார். அதில் மதுராந்தகம் போக மற்ற பதினோரு ஸ்டூடியோக்களின் பெயர்கள் இருந்தன. எல்லாம் அதே முறையில் அவர் போட்டுக் கொடுத்தவை. மூன்று பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. நான்காவது நான்.

ஆடியில் வந்தார். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், மற்ற நாட்களில் எங்கள் ஸ்டூடியோ. இடது கையில் ஊசி போட வழி செய்திருந்தார்கள், அந்தக் கையால் கனம் தூக்கக்கூடாது. நானும் வசந்தாவும் அவர் சொன்னபடி தூக்கினோம், திருகினோம். டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொண்டே கார்டை மாற்ற முடியாது, எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடவேண்டும் என்றார். தன்னிடமிருந்த டிஸ்க்குகளைக் கொண்டுவந்து, எங்கள் கல்யாணங்கள் அத்தனையையும் அதில் நகலெடுத்தார். நகலெடுத்ததும் திருப்தியாகவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பக்கமும் ஒரு எண்ணைக் கணக்கிடச் செய்து, இரண்டும் ஒன்றா என்று கணினியை ஒப்பிடவிட்டார். அதற்கே மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு, நாக்கு நனைகிற அளவுக்கு மட்டும் குடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஃபர்ம்வேரை மாற்றும் நாளன்று காலையில் மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டு, இன்றைக்குப் பராமரிப்பு மின்தடை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியும் புது யூ.பி.எஸ். ஒன்றை மாட்டச் சொன்னார். டிஸ்க்குகளின் இணைப்பையெல்லாம் கழற்றியாயிற்று. கார்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பதினாறு எழுத்தும் எண்ணுமாக ஒரு தொடர் இருந்தது. அதுதான் கார்டின் அடையாளம், பழையதை அழிக்கும்போது அதுவும் அழிந்துவிடும், பிறகு கையால் போடவேண்டும் என்றார். வசந்தா அதை ஒவ்வொன்றாகப் படித்தாள். எஸ்தர் நோட்டில் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினார்.

பிறகு பழைய ஃபர்ம்வேரை அழித்தார். திரையில் ஒரு வரி வந்தது.

"இப்ப இது வெறும் தகடு. இந்த நேரத்துல கரண்ட் போனாலும் பேஜாரு, நாம ரீஸ்டார்ட் பண்ணாலும் பேஜாரு. யாரும் எதையும் தொடாதீங்க."

யாரும் தொடவில்லை. மின்விசிறியைக்கூட நான் நிறுத்தப் போகவில்லை, அந்தச் சுவிட்சுக்குப் பதில் வேறு சுவிட்சைத் தட்டிவிடுவேனோ என்ற பயம். எஸ்தர் வலது கையால் மட்டும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்தார். புதிய ஃபர்ம்வேர் எழுதும் வேலை இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஒரு முழுக் கல்யாணம் நடந்து முடிந்த மாதிரி இருந்தது. பதினாறு எழுத்தையும் போட்டார். டிஸ்க்குகளை மாட்டச் சொன்னார், சர்வரைத் திரும்பப் போட்டார். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு டிஸ்க்கும் தனித்தனியாக வந்து வரிசையில் நின்றன. எஸ்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் படமெடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஊரார் சிரிப்பையெல்லாம் எடுப்பவன் நான்.

வேலை அதோடு முடியவில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகு, வசந்தாவை உட்கார வைத்தார். இந்தக் கார்டும் ஒருநாள் சாகும், அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கார்டைக் கழற்றி, எல்லா ஸ்டூடியோக்களிலும் பழக்கிக் காட்ட அவர் கையோடு வைத்திருந்த இன்னொரு கார்டை மாட்டி, டிஸ்க்குகளைச் சர்வர் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கட்டளை கொடுக்கப் பழக்கினார். மூன்று முறை செய்ய வைத்தார். மூன்றாவது முறை தான் வெளியே போய், எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டார். "நான் பக்கத்துல இல்லாம செய்யுங்கக்கா. எட்டு டிஸ்க்கும் வந்துச்சுன்னா கூப்புடுங்க" என்றார். முக்கியமான ஒன்றையும் சொன்னார். எந்தக் கார்டு கிடைத்தாலும் முதலில் டிஸ்க்கை மாட்டாமல் அதை மட்டும் போட்டுத் திரையைப் பார்க்கவேண்டும். ஃபர்ம்வேர் என்ற வரியின் கடைசியில் ஐ.டி. என்று இருந்தால் மட்டும் டிஸ்க்கை மாட்டலாம். ஐ.ஆர். என்று இருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும்.

இந்த வருடம் தை மாதம் செல்வி என்ற பெண் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். வேடந்தாங்கலுக்கு அருகில் ஒரு கிராமம். அவர் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம், ஒரு சின்னக் கோவிலில், நாற்பது பேர் கூடிய கல்யாணம். மாப்பிள்ளை மறைமலைநகரில் வேலை பார்த்தவர். கல்யாணமாகிப் பத்து மாதத்தில் சாலை விபத்தில் இறந்துவிட்டார். கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, இறந்தவரின் அண்ணன் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை, அந்தப் பெண் சும்மா வந்து தங்கியிருந்தாள் என்று. ஆல்பமும் நாங்கள் கொடுத்த பென் டிரைவும் அந்த வீட்டில்தான் இருந்தன, கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில். கேமராவில் பதிவான அசல் கோப்பு வேண்டும், எப்போது எதில் எடுத்தது என்று ஸ்டூடியோக்காரர் சான்றும் தரவேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை வாருங்கள், எடுத்து வைக்கிறோம் என்றோம்.

புதன்கிழமை காலை சர்வரைப் போட்டால் ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தோம். கார்டுக்குக் காற்றடிக்கும் சின்ன விசிறி நின்றுபோயிருந்தது. கார்டு தொட முடியாதபடி சுட்டது. ஆறவைத்துப் போட்டுப் பார்த்தோம். உயிர் இல்லை. இன்னொரு நகல் வைத்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம். எஸ்தரும் பலமுறை கேட்டிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் வைத்திருக்கிறோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எஸ்தருக்குப் போன் போட்டேன். ரூத் எடுத்தார். நுரையீரலில் நீர் சேர்ந்து முந்தின நாள்தான் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம், பேச முடியாத நிலை. வேறொன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். செல்வியிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். வசந்தா அதற்குள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போய் ஏதாவது ஒரு கார்டு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கணினிச் சாமான் விற்கும் கடையில் இரண்டு கார்டுகள் கிடைத்தன. இரண்டும் வேறு வேறு கம்பெனி, எரிந்துபோன கார்டுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கொண்டுவந்தேன். வசந்தா டிஸ்க்குகளை மாட்டாமல் முதல் கார்டை மட்டும் போட்டாள். ஃபர்ம்வேர் வரியின் கடைசியில் ஐ.ஆர். என்று வந்தது. கழற்றி மேசைமேல் வைத்தாள். இரண்டாவதைப் போட்டாள். திரை மெதுவாக நகர்ந்தது. ஐ.டி.

டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். எட்டும் வந்தன. கட்டளையைத் தட்டினாள். சில விநாடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு எங்கள் கோப்புறைகள் மாதவாரியாக, ஊர்வாரியாக, அப்படியே வந்து நின்றன. வசந்தா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் செல்வி வந்தார். அசல் கோப்பைத் திறந்து ஓடவிட்டோம். தாலி கட்டும் இடம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒருவர் தட்டிலிருந்த அட்சதையை அள்ளி எல்லோர் கையிலும் கொடுக்கிறார், கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று அவரே கைகாட்டுகிறார், அட்சதை தூவிவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். செல்வி நிறுத்தச் சொன்னார். திரையில் விரலை வைத்தார்.

"இவருதான் சார். கல்யாணமே நடக்கலன்னு எழுதிக் கொடுத்தவரு இவருதான்."

அவர் அழவில்லை. மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். இந்த முறை அந்த விரல் தன் கணவரின் முகத்துக்குப் போனது. அந்தப் பதிவை வக்கீல் எதிர்த்தரப்புக்குக் காட்டிய பிறகு, அண்ணன் தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். செல்விக்குச் சான்றிதழ் கிடைத்தது. கணவர் வேலை பார்த்த இடத்திலேயே வேலையும் கிடைத்தது. இப்போது கம்பெனிப் பேருந்தில் போய்வருகிறார்.

எஸ்தர் கண் திறந்து பேசும் நிலைக்கு வந்ததும் மருத்துவமனைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். செல்வியைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். பிறகு எந்தக் கார்டு போட்டீர்கள் என்று கேட்டார். வசந்தா கம்பெனிப் பெயரைச் சொன்னாள். முதலில் போட்டதைக் கழற்றிய கதையையும் சொன்னாள். எஸ்தர் ஆக்சிஜன் குழாயோடு சிரித்தார்.

"அப்ப நான் தேவையே இல்ல. நல்லா கீது."

இந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. நம் தொழிலில் நாமெல்லாம் நம்மைத் தேடி வரவைப்பதற்காகத்தானே பாடுபடுகிறோம். எஸ்தர் தலையணைக்கடியிலிருந்து நோட்டை எடுத்தார். பதினொன்றில் பத்துப் பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த ஒரு பெயரைக் காட்டினார். "இவரு என்னை உள்ளயே வுடலண்ணா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் நோட்டை மூடி அவர் பக்கமே நகர்த்தினேன். மாமல்லபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்த நண்பர் முன்பு என்னோடு கூட்டாகத் தொழில் செய்தவர். பிரிந்த பிறகு ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. சங்கக் கூட்டத்தில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. பெயர் போடவில்லை, அவரே இதைப் படிப்பார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, போகவில்லை. பங்குனி போயிற்று, வைகாசி போயிற்று. ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் எஸ்தர் கேட்கமாட்டார், பார்ப்பார். ஆடி பிறந்ததும் வசந்தா நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்றாள். இருவரும் போனோம்.

நண்பர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த அம்மா அனுப்பினாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். செல்வியின் கதையை வசந்தா சொன்னாள். கேட்டுவிட்டு இரண்டு நாற்காலிகளை இழுத்து எங்கள் பக்கம் போட்டார். "நான் அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன். ஏதாவது சாக்கு சொல்லியிருந்தா வுட்டிருப்பேன். தப்பு என்னுதுன்னு வந்து நின்னுச்சு, அதுதான் எனக்குத் தாங்கல" என்றார். அந்தக் கோபம் எனக்கும் வந்த கோபம்தான். அவர் தேநீருக்குச் சொன்னார்.

அந்த வாரம் வசந்தாதான் வேலையைச் செய்தாள், எஸ்தர் செய்த அதே வரிசையில். முதலில் நகல், பிறகு ஒப்பீடு, அதன் பிறகு கார்டு. பதினாறு எழுத்தை நான் படித்தேன். நண்பர் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்டு வெறும் தகடாக இருந்த அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிஸ்க்குகள் வரிசையாக வந்ததும் அவர் என் தோளில் கைவைத்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் நாங்கள் பழையதைப் பேசவில்லை.

மறுநாள் டயாலிசிஸ் நடக்கும்போது எஸ்தரிடம் போய்ச் சொன்னோம். ரூத் நோட்டைப் பிடித்துக்கொள்ள, வலது கையால் கடைசிப் பெயரை அடித்தார். "முடிஞ்சுதா. சரி" என்றார். கண்ணை மூடித் தூங்கிப்போனார். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அப்படி ஒரு தூக்கத்தை அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. நான்கு வாரம் கழித்து, வீட்டில், அதே போன்ற தூக்கத்தில் போய்விட்டார். கடற்கரையில் ரூத்தின் குரலைக் கேட்டபோது எனக்கு வந்த இரண்டாவது நிம்மதி இதுதான். ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் போனார். நான் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க முடியவில்லை.

அவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பதினோரு ஸ்டூடியோக்காரர்களும் வந்திருந்தோம். மதுராந்தகத்துக்காரரும் வந்திருந்தார். யாரும் கேமரா கொண்டுவரவில்லை, யாரும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஜெபம் முடிந்து மண் போட்டுவிட்டு, மாமல்லபுரத்து நண்பரும் நானும் ஒரே வண்டியில் திரும்பினோம்.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நான் எடுத்த ஒரு கல்யாணத்தில் மைக் இணைப்பைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன். முகூர்த்த நேரத்து நாதஸ்வரமும் மேளமும் பதிவாகவே இல்லை. முன்பெல்லாம் வேறொரு கல்யாணத்து மேளத்தை அடியில் ஒட்டிவிடுவேன், யாருக்கும் தெரியாது. இந்த முறை வீடியோவைக் கொடுப்பதற்கு முன்பே பெண் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே சொன்னேன்: "மேளச் சத்தம் பதிவாகலை. தப்பு என்னுது." பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். அன்றைக்கு வாசித்தவர் அவருடைய சொந்தத் தம்பியாம். திட்டினார், நன்றாகவே திட்டினார். நான் கேட்டுக்கொண்டேன். பிறகு உள்ளே திரும்பி, சாருக்கு ஒரு காபி கொடுங்கள் என்றார். குடித்துவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தபோது உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த லேசு எனக்குப் புதிது. எஸ்தருக்கு அது பதினோரு முறை தெரிந்திருக்கும்.